வயதுவந்தோரின் இந்தி வாசிப்பை அளத்தல்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. பொருள்

வயதுவந்த பின் வேற்றுமொழி ஒன்றைக் கற்கத் தொடங்கும் ஒருவர், தம் வாசிப்பு எந்த அளவிற்கு வளர்ந்துள்ளது என்பதை எதைக் கொண்டு அறிவார்? பள்ளி மாணவனுக்கு வகுப்பு என்னும் அளவுகோல் உண்டு; ஆண்டு முடிந்தால் அவன் ஒரு படி ஏறியவனாகக் கருதப்படுகிறான். அலுவலகம், கடை, குடும்பம் ஆகியவற்றிற்கிடையே கற்கும் வயதுவந்தோர்க்கு அத்தகைய இயல்பான படி இல்லை. அவர்களுக்கு அளவுகோல் வெளியிலிருந்தே வர வேண்டியுள்ளது. அவ்வளவுகோலை யார், எந்த நோக்கத்திற்காக வகுத்தனர் என்பதைப் பொறுத்தே 'படிக்கத் தெரிந்தவர்' என்ற தொடரின் பொருளும் வரையறைப்படுகிறது.

தென்னிந்தியாவில் இவ்வகையில் மூன்று அளவுகோல்கள் இருபதாம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தன. ஒன்று, தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் படிநிலைத் தேர்வுகள். மற்றொன்று, மைய அரசின் இந்தி கற்பித்தல் திட்டம் வகுத்த தேர்வுகளும் அவற்றைச் சார்ந்து எழுந்த ஆட்சிமொழி விதிகளும். மூன்றாவது, இந்திக்கென வகுக்கப்படாமல் எல்லா மொழிகளுக்கும் பொதுவாகத் தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த வாசிப்பு வேகம். இம்மூன்றும் ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே தலைமுறையினர்மீது செயற்பட்ட இடம் கொச்சி. அதனுள்ளும் மட்டாஞ்சேரி, பல தாய்மொழிகளும் பல எழுத்துமுறைகளும் நெருங்கி வழங்கும் பகுதியாதலின், இவ்வளவுகோல்கள் உண்மையில் எவற்றை அளந்தன என்பதைப் பிரித்துக் காண ஏற்ற களமாகிறது.

இது கல்வியியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. 1937-40, 1965 ஆகிய ஆண்டுகளின் மொழிப் போராட்டங்கள் தொட்டு இன்றுவரை, தேர்வு எழுதியோரின் எண்ணிக்கை இந்தி 'அறிந்தோரின்' எண்ணிக்கையாக எடுத்தாளப்பட்டு வருகிறது. அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணியை யாரிடம் ஒப்படைப்பது என்பதும் சான்றிதழைக் கொண்டே பல இடங்களில் முடிவாகிறது. சான்றிதழ் எதற்குச் சான்று என்பது தெளிவாகாத வரையில் இவ்விரு பயன்பாடுகளும் ஐயத்திற்குரியனவே.

2. மட்டாஞ்சேரி: எழுத்தும் மொழியும்

1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனையும் 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடமும் மட்டாஞ்சேரியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்தியுள்ளன. மொழியியலார்க்கு அப்பகுதியின் சிறப்பு வேறு. மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி, மராத்தி, தமிழ் ஆகியன சில கிலோமீட்டர் பரப்பிற்குள் வழங்குகின்றன. சேர்லாய் திருமலைக் கோயிலைச் சூழக் கொங்கணியரும், மிளகு, சுக்கு வாணிகத்தால் வந்த குஜராத்தியரும், தக்கனி பேசும் முஸ்லிம்களும், அருகில் வெளி என்னுமிடத்திலுள்ள சலவைக்கூடத்தில் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் தமிழ் வண்ணாரும் இங்கு அடங்குவர்.

இந்தி வாசிப்பை நோக்க, இம்மக்களை இருவகையாக வேறுபடுத்தலாம். தேவநாகரி எழுத்தை முன்னரே அறிந்து இந்தி மொழியை அறியாதவர் ஒரு வகை. இந்தியைச் செவிவழி அறிந்து எழுத்தை அறியாதவர் மற்றொரு வகை. கொங்கணியருள் நாகரி அறிந்தோர் முதல் வகையினர். கொச்சியில் நாகரியின் பழமைக்கு ஐயமற்ற சான்று உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் முதல் தொகுதியில், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி மருத்துவர் மூவர் அளித்த சான்றுரை நாகரி எழுத்தில் அச்சேறியுள்ளது. இந்திப் பிரச்சாரம் தென்னாட்டிற்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் நாகரியைப் படிக்கவும் எழுதவும் வல்லோர் இருந்தனர். 1966இல் கொச்சியில் தோன்றிய கொங்கணி பாஷா பிரச்சார சபை இம்மரபைத் தாய்மொழி உரிமைக்கான கருவியாக்கியது. 1992இல் கொங்கணி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது.

தக்கனி பேசுவோர் மறுகோடியில் நிற்பவர். இந்தி வாக்கியம் காதில் விழுந்தால் அவர்களுக்குப் பெரும்பகுதி விளங்கும். ஆனால் பள்ளியில் அவர்கள் கற்ற எழுத்து மலையாளம். சமயக் கல்வியில் கற்றது அரபு வரிவடிவம். மட்டாஞ்சேரியின் இசைக்கூட்டங்களில் இந்திப் பாடல்களும் கசல்களும் பெற்ற இடம் பலரும் அறிந்தது. பாடகர்கள் மெஹபூப், உம்பாயி ஆகியோர் அம்மண்ணின் விளைவுகள். பாடலை முழுமையாக நுகரும் செவி, அதன் நாகரி வடிவத்தைக் கண்டால் எழுத்துக்கூட்டத் தடுமாறலாம். குஜராத்தியர் இவ்விரு கோடிகளுக்கும் இடைப்பட்டவர். அவர்தம் எழுத்து, தலைக்கோடு நீங்கிய நாகரியை ஒத்தது. மொழியும் உறவுடையது.

மலையாளியின் நிலையும் தமிழரின் நிலையும் தம்முள் ஒத்தவை எனக் கொள்ளும் வழக்கம் இந்தி ஆசிரியர்களிடையே உண்டு. வாசிப்பைப் பொறுத்தவரை அது சரியன்று. மலையாள நெடுங்கணக்கில் வருக்க எழுத்துகள் அனைத்தும் உள்ளமையால் நாகரியைக் கற்பது அவருக்கு ஓர் எழுத்திற்கு ஈடாக மற்றோர் எழுத்தை வைக்கும் வேலையாகவே பெரிதும் அமைகிறது. தமிழருக்கோ ஒரு ககரத்திற்கு ஈடாக நான்கு வடிவங்கள் எதிர்ப்படுகின்றன; ஒலிப்புடைமை, மூச்சுடைமை என்னும் இரு வேறுபாடுகளையும் கண்ணும் செவியும் ஒருசேரப் பழக வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் மலையாளி முந்திச் செல்வதும் பின்னர் அவ்விடைவெளி குறைவதும் இதனால் எதிர்பார்க்கத் தக்கனவே.

3. சபையின் ஆறு படிகள்

1918இல் இந்தோரில் காந்தியின் தலைமையில் நடந்த இந்தி சாகித்திய சம்மேளனத்தின் தொடர்ச்சியாக, அவர் மகன் தேவதாஸ் காந்தி சென்னைக்கு அனுப்பப்பட்டார். சம்மேளனத்தின் கிளையாகத் தொடங்கிய பணி 1927இல் தனி அமைப்பாயிற்று. காந்தி 1948இல் மறையும் வரை சபையின் தலைவராக இருந்தார். 1964இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழிச் சபை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. தலைமையகம் சென்னை தியாகராய நகரிலும், கேரளக் கிளை எர்ணாகுளத்திலும் உள்ளன.

மட்டாஞ்சேரியைப் பொறுத்த ஓர் ஆட்சிவரலாற்றுச் செய்தி இங்குக் குறிக்கத்தக்கது. கொச்சிக் கோட்டைப் பகுதி பிரிட்டிஷ் கொச்சி எனப்பட்டுச் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1938இல் இராசாசி அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையும், 1940இல் அதன் நீக்கமும் சென்னை மாகாணத்திற்கு உரியன. மட்டாஞ்சேரி அவ்வாணையின் எல்லைக்கு வெளியே நின்றது. எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை நகராட்சிகள் இணைந்து கொச்சி மாநகராட்சி ஆனது 1967இல்தான். எனவே இங்கு இந்தி கற்ற முதல் தலைமுறையினர்க்குப் படிப்பு, அரசாணையின் நிழல் படியாத தன்விருப்பச் செயலாக இருந்தது. தமிழ்நாட்டில் அதே சபையின் அதே பாடநூலைக் கையிலெடுத்தவர்க்கு அந்நிலை வாய்க்கவில்லை.

சபையின் தேர்வுகள் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா, விசாரத், பிரவீண் என ஏறுமுகமாக அமைந்தவை. ஆண்டிற்கு இருமுறை நடப்பவை. கீழ்ப்படிகளில் சேர்வதற்கு வேறு கல்வித்தகுதி வேண்டியதில்லை. வயது வரம்பும் தடையன்று. வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் மாலை நேரத்தில் நடக்கும் பிரச்சாரகரின் வகுப்பில் பத்து வயதுச் சிறுமியும் ஐம்பது வயது எழுத்தரும் ஒரே பாடத்தைப் படிக்க முடிந்தது. பள்ளியை இடையில் விட்ட பெண்கள் பலர்க்கு ஏறுவதற்கென ஒரு படிக்கட்டை முதன்முதலில் அளித்தது இம்முறையே. அரைவருடத்திற்கு ஒரு படி என்னும் அமைப்பு, 'நான் எங்கே நிற்கிறேன்' என்ற வினாவிற்குக் கற்பவர் தாமே விடை கூறிக்கொள்ள இடமளித்தது. இதனைச் சபையின் பெருஞ்சாதனை என்றே கூறவேண்டும்.

அளவுகோல் என்ற முறையில் அதற்குக் குறையும் உண்டு. வினாக்கள் பெரும்பாலும் விதிக்கப்பட்ட பாடநூலைச் சார்ந்தவை. படித்த பகுதியிலிருந்து வினா வரும்போது அளக்கப்படுவது வாசிப்பா நினைவா எனப் பிரித்தறிய இயலாது. சந்தையில் விற்கும் வினாவிடைக் கையேடுகள் இக்குழப்பத்தை மேலும் வளர்த்தன. எழுத்தறிந்த கொங்கணியரும் எழுத்தறியாத தக்கனியரும் முதற்படியில் ஒரே இடத்தில் அமர்ந்து, ஒருவர் மொழிக்காகவும் மற்றவர் எழுத்திற்காகவும் ஒரே மதிப்பெண்ணைப் பெறக்கூடும். மதிப்பெண் பட்டியலில் அவ்வேறுபாடு தோன்றாது.

எழுத்தையும் மொழியையும் பிரித்துக் காணும் ஒரு முயற்சி இயக்கத்தின் வரலாற்றிலேயே எழுந்து மறைந்தது. இந்துஸ்தானியை நாகரி, உருது ஆகிய இரு வரிவடிவங்களிலும் கற்க வேண்டும் என்பது காந்தியின் நிலைப்பாடு. அதன் காரணமாக 1945இல் அவர் இந்தி சாகித்திய சம்மேளனத்திலிருந்து விலகினார். அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு தேவநாகரி வரிவடிவத்திலான இந்தி என வரையறுத்தபின் அவ்விவாதம் ஓய்ந்தது. ஓயாமல் இருந்திருப்பின், 'ஒருவர் மொழியை அறிவார், எழுத்தை அறியார்' என்னும் நிலையைத் தேர்வுமுறை கணக்கில் எடுத்தே தீரவேண்டியிருந்திருக்கும்.

4. அலுவலகத்தின் அளவுகோல்

1920களிலும் 30களிலும் இராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி உப்பங்கழியை ஆழப்படுத்தி எடுத்த மண்ணால் உருவான வெல்லிங்டன் தீவு, துறைமுகம், சுங்கம், கடற்படை ஆகியவற்றின் இருப்பிடமாயிற்று. பாலத்தைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கிருந்து இவ்வலுவலகங்களுக்குச் சென்ற எழுத்தர்களே இரண்டாம் அளவுகோலுக்கு உட்பட்டவர்கள்.

மைய அரசு ஊழியர்க்கான இந்தி வகுப்புகள் 1952இல் கல்வி அமைச்சகத்தால் தொடங்கப்பட்டு 1955இல் உள்துறை அமைச்சகத்திற்கு மாற்றப்பட்டன. 1960 ஏப்ரலில் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, 1961 ஜனவரி முதல் நாளன்று 45 வயது நிரம்பாத ஊழியர்க்குப் பணிக்காலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தேர்ச்சி பெறாமைக்குத் தண்டனை இல்லை என்பதும் உடன் கூறப்பட்டது. பிரபோத், பிரவீண், பிராக்ஞ் என மூன்று நிலைகள். இவை முறையே தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளித் தரத்தின. சபையின் படிகளுள் 'பிரவீண்' உச்சியில் இருக்க, அரசின் படிகளுள் 'பிரவீண்' நடுவில் நிற்பது காண்க. ஒரே பெயர் இருவேறு உயரங்களைக் குறிக்கும் இந்நிலையில், 'பிரவீண் தேறியவர்' என்ற குறிப்பு மட்டும் ஒருவரின் வாசிப்பைப் பற்றி எதனையும் உறுதிப்படுத்தாது.

எந்நிலையில் தொடங்குவது என்பதை இத்திட்டம் தாய்மொழியைக் கொண்டு முடிவு செய்தது. தென்மொழியினர் பிரபோத்திலும், மராத்தி, குஜராத்தி, வங்காளி முதலியவற்றைப் பேசுவோர் பிரவீணிலும், உருது, பஞ்சாபி, சிந்தி முதலியவற்றைப் பேசுவோர் பிராக்ஞிலும் சேர்வர். பேச்சளவில் நோக்கின் இப்பகுப்பு அறிவுக்கு ஒத்ததே. வாசிப்பளவில் மட்டாஞ்சேரியில் அது தலைகீழாகிறது. உருது என்று தாய்மொழியைப் பதிந்த தக்கனி ஊழியர், நாகரியின் முதல் எழுத்தையே அறியாத நிலையில் உயர்நிலைப் பள்ளித் தரப் பாடத்தில் அமர்த்தப்படலாம். அவருடைய மேசைக்கு எதிரே, வருக்க எழுத்துகளை மலையாளத்தின்வழி ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளக்கூடிய மலையாளி அகரத்திலிருந்து தொடங்குவார். கற்பவரின் தொடக்கப் புள்ளியை அவரவர் எழுத்தறிவைச் சோதித்து அறியாமல் தாய்மொழிப் பெயரால் ஊகித்தமையே இம்முரணுக்குக் காரணம்.

1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் இச்சான்றிதழ்களுக்குப் புதிய பயன் ஒன்றை அளித்தன. இவ்விதிகளின் முதல் விதியே அவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்கிறது. எனவே தமிழ் வாசகர்களிடையே இவை போதிய கவனம் பெறவில்லை. கேரளம் விதிகளின் மூன்றாம் பகுதியில் அடங்கும். பத்தாம் விதியின்படி ஓர் ஊழியர் இந்தியில் 'செயல்முறை அறிவு' பெற்றவராகக் கொள்ளப்படுவதற்குப் பல வழிகள் உள்ளன. மெட்ரிக் அல்லது அதற்கு இணையான தேர்வில் இந்தியை ஒரு பாடமாகக் கொண்டு தேறியிருத்தல், பிராக்ஞ் தேறியிருத்தல் ஆகியவை சில. தமக்கு அவ்வறிவு உண்டெனத் தாமே உரிய படிவத்தில் அறிவித்தல் மற்றொன்று. ஓர் அலுவலகத்தின் ஊழியர்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் இவ்வறிவு பெற்றால் அவ்வலுவலகமே அதனைப் பெற்றதாகக் கருதப்பட்டு அரசிதழில் அறிவிக்கப்படும்.

இங்கு அளவுகோலின் இயல்பே மாறிவிடுகிறது. படிப்பவர் தனிமனிதர், அறிவு பெற்றதாக அறிவிக்கப்படுவது கட்டடம். ஐம்பது பேர் கொண்ட அலுவலகத்தில் நாற்பது படிவங்கள் நிறைந்தால் எஞ்சிய பதின்மரும் அக்கணக்கினுள் மறைகின்றனர். தேர்ச்சிக்கு ஓராண்டுக் காலம் ஒரு ஊதிய உயர்வுக்கு நிகரான தனி ஊதியமும், உயர் மதிப்பெண்ணுக்குப் பணப்பரிசும் உண்டு என்பதால் தேர்வை எழுதும் ஊக்கம் குன்றவில்லை. தேர்வு முடிந்தபின் இந்தியில் ஒரு பக்கத்தையேனும் படிப்பதற்கு அவ்வூக்கம் துணை செய்ததா என்பதை அளக்கும் கருவி அத்திட்டத்தில் இல்லை. அலுவலகங்கள் அனுப்பும் காலாண்டு முன்னேற்ற அறிக்கை பெரிதும் இந்தியில் அனுப்பிய மடல்களின் எண்ணிக்கை, சதவீதம் முதலியவற்றையே கேட்கிறது. முன்னேற்றம் என்ற சொல் ஆளை விட்டுத் தாளுக்குச் சென்றுவிட்டது எனலாம்.

5. நிமிடத்திற்கு முப்பது சொல்

1988 மே மாதம் தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கம் வயதுவந்தோர்க்கான வாசிப்பை முதன்முதலாக எண்ணால் வரையறுத்தது. கற்பவர் தமக்கு ஆர்வமுள்ள பொருள்பற்றிய எளிய பகுதியை இயல்பான தொனியில் நிமிடத்திற்கு 30 சொல் வீதம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எளிய பத்தியை நிமிடத்திற்கு 35 சொல் வீதம் வாய்க்குள் படிக்க வேண்டும். சாலைக் குறியீடு, சுவரொட்டி, எளிய அறிவிப்பு முதலியவற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பார்த்தெழுதுதலுக்கு 7 சொல், கேட்டெழுதுதலுக்கு 5 சொல் என்பன எழுத்துத்திறனின் வரையறைகள். தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியோர் இவ்வெண்களை நன்கறிவர்.

இவ்வளவுகோல் பெருமளவில் செயற்பட்ட முதல் மாவட்டம் எர்ணாகுளம். மட்டாஞ்சேரி அதனுள் அடங்கியது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் இணைந்து 1989இல் நடத்திய இயக்கத்தின் முடிவில், 1990 பிப்ரவரி 4 அன்று, நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக எர்ணாகுளத்தை அன்றைய தலைமை அமைச்சர் வி. பி. சிங் அறிவித்தார். ஒரே தெருவில் ஒருவர் மலையாள எழுத்தை இவ்வளவுகோலாலும், அடுத்த வீட்டவர் இந்தியைச் சபையின் தேர்வாலும் அளந்துகொண்டிருந்த காலம் அது. சொல்வீத அளவு எளியது, மலிவானது, எவரும் கடிகாரத்தைக் கொண்டு தாமே செய்துகொள்ளத்தக்கது. ஆகவே இரண்டாம் மொழி கற்போரும் ஆசிரியர்களும் அதனை மேற்கொள்ள விழைவது இயல்பு. அவ்வாறு மேற்கொள்ளுமுன் 'சொல்' என்பது என்ன என்ற பழைய மொழியியல் வினாவை எழுப்ப வேண்டியுள்ளது.

'அவன் வீட்டிலிருந்து சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்' என்பது தமிழில் நான்கு சொல். மலையாளத்திலும் நான்கே. இந்தியில் 'வஹ் கர் ஸே பாஜார் ஜா ரஹா ஹை' என ஏழு. தமிழும் மலையாளமும் உருபையும் துணைவினையையும் சொல்லோடு ஒட்டி எழுதுகின்றன. இந்தி அவற்றைப் பிரித்து, இடைவெளிவிட்டு எழுதுகிறது. (இந்தியிலும் பெயர்ப்பதிலிக்குப் பின் உருபு சேர்த்தெழுதப்படுகிறது: 'ராம் நே' இரண்டு, 'உஸ்நே' ஒன்று.) நிமிடத்திற்கு 30 சொல் என்ற கணக்கில் தமிழ் படிப்பவர் இத்தகைய வாக்கியங்களில் ஏழரையைப் படித்தாக வேண்டும், இந்தி படிப்பவர்க்கு நான்கிற்குச் சற்று மிகுதியாகப் படித்தால் போதும்.

அசையைக் கொண்டு எண்ணினால் இடைவெளி இன்னும் விரிகிறது. மேற்காட்டிய தமிழ் வாக்கியத்தில் உயிரொலியை மையமாகக் கொண்ட அசைகள் 16. இந்தி வாக்கியத்தை ஒலிக்கும்போது அசைகள் 9. எனவே 30 சொல் என்பது தமிழில் 120 அசை, இந்தியில் ஏறத்தாழ 39 அசை. ஒரு வாக்கியத்தைக் கொண்டு விகிதம் நிறுவுதல் முறையன்று. நீண்ட உரைப்பகுதிகளில் இவ்வேறுபாடு குறையக்கூடும். ஆயினும் போக்கு மாறாது. ஒட்டுநிலை மொழியைப் படிக்கக் கற்ற எர்ணாகுளத்து மீனவப் பெண்ணிடம் இவ்வெண் கேட்டது, அதே எண் இந்தி படிப்பவரிடம் கேட்பதைவிட மிகுதி. தமிழில் நிமிடத்திற்கு 25 சொல் படித்துத் தோற்றவர் இந்தியில் 30 படித்து வென்றவரைவிடச் சிறந்த வாசகராக இருத்தல் கூடும். எல்லா மொழிக்கும் ஓரெண் என்ற சமன்மை, உண்மையில் சமன்மை அன்று.

வாய்விட்டுப் படித்தலில் மற்றொரு சிக்கல் உண்டு. நாகரி எழுத்தில் உள்ளுறையும் அகரம் இந்தி ஒலிப்பில் பல இடங்களில் கெடுகிறது. தின்பண்டப் பொட்டலத்தில் 'நமகீன' என்று காணும் எழுத்துத்தொடரை இந்தியர் 'நம்கீன்' என்பர். 'லடகா' என எழுதியதை 'லட்கா' என்பர். 'வஹ' என எழுதியது 'வோ' என ஒலிக்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் பிளவு குறைந்த எழுத்துமுறையில் பழகிய மலையாளி, உள்ளுறை அகரத்தை விடாமல் ஒலிப்பார். தேர்வாளர் அதனைப் பிழையாகக் குறிப்பார், வேகமும் குறையும். ஆனால் பொருள் கோடலில் அவருக்குக் குறை ஏதும் இல்லாதிருக்கலாம். தக்கனி பேசுபவரோ தட்டுத்தடுமாறி எழுத்தைக் கூட்டினாலும், கூட்டி முடித்த சொல்லை இந்தியர்போலவே ஒலிப்பார். ஒலிப்பின் செம்மையை வாசிப்பின் அளவாகக் கொண்டால் இருவரையும் தவறாக மதிப்பிடுவோம்.

உலகளவில் உருவான கருவிகளும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926இல் வெளியான தம் ஆய்வில், வங்காள மாணவர்க்கு ஆங்கிலப் பேச்சைவிட வாசிப்பே முதன்மையானது என வாதிட்டு, ஒரு பக்கத்தில் புதுச்சொற்கள் எவ்வளவு அடர்த்தியாக வரலாம் என்பதை வரையறுத்துப் படிநிலை வாசிப்பு நூல்களை அமைத்தார். இந்திய மண்ணில் பிறந்த இக்கருத்து, தென்னகத்தின் இந்திப் பாடநூல்களில் வேரூன்றாமை வியப்பிற்குரியது. 1953இல் வில்சன் டெய்லர் முன்வைத்த விடுபட்ட சொல் நிரப்பும் முறை, ஐந்து சொல்லுக்கு ஒன்றாக நீக்கிவிட்டு, படிப்பவர் அவற்றை நிரப்பும் திறனைக் கொண்டு புரிதலை அளக்கும். இந்தியில் இவ்வாறு நீக்கும்போது நீங்குபவற்றுள் 'ஸே', 'கா', 'ஹை' போன்ற இடைநிலைச் சொற்கள் மிகுதி. அவற்றை நிரப்புவது இலக்கணப் பழக்கத்தை அளக்கும். தமிழில் நீங்குவது வேர், காலம், பால், எண் எல்லாம் ஒருங்கு பொதிந்த சொல். அதனை நிரப்புவது மிகக் கடினம். இங்கும் ஒரே முறை இரு மொழிகளில் இரு வேறு திறன்களை அளக்கின்றது.

6. ஒப்புருச் சொற்களும் மொழிபெயர்ப்பு வினாவும்

மலையாளிக்கும் தமிழர்க்கும் இந்தி வாசிப்பு விரைவில் எளிதாவது போலத் தோன்றுவதற்கு வடமொழிச் சொற்களே காரணம். பத்தியில் பாதிச் சொற்கள் முன்பே அறிந்தனவாக அமையும்போது படிப்பவர் தம் வேகத்தைக் கண்டு மகிழ்கிறார். அம்மகிழ்ச்சி பல இடங்களில் பொய். 'உபன்யாஸ்' இந்தியில் புதினம்; மலையாளத்தில் கட்டுரை; தமிழில் சமயச் சொற்பொழிவு. 'சரித்ர' இந்தியில் ஒழுக்கம் அல்லது கதைமாந்தர். தென்மொழி இரண்டிலும் வரலாறு. 'ஸம்ஸார்' இந்தியில் உலகம், மலையாளத்தில் பேச்சு, தமிழில் குடும்பம், பேச்சுவழக்கில் மனைவி. 'பிரஸங்க்' இந்தியில் சூழல் அல்லது இடம், தெற்கே மேடைப்பேச்சு. 'கல்யாண்' அங்கு நலம், இங்குத் திருமணம். 'உத்யோக்' அங்குத் தொழில்துறை, இங்கு வேலை. 'அவஸர்' என்பதில் மலையாளி பிழைபடார், அது அவர்க்கும் வாய்ப்பே; தமிழரோ விரைவு எனக் கொள்வர்.

இச்சொற்களில் நாக்கு தடுமாறுவதில்லை. கண் பின்னோக்கிச் செல்வதில்லை. கடிகாரம் எதனையும் காட்டாது. வாய்விட்டுப் படிக்கும் தேர்வில் முழு மதிப்பெண் பெறுபவரே இங்கு முழுமையாக வழுக்குபவர். இவ்வழுக்கலை வெளிக்கொணரக்கூடிய கருவி மூன்று அளவுகோல்களுள்ளும் ஒன்றே: சபையின் தேர்வுத்தாளில் தொடக்கம் முதலே இடம்பெற்று வரும், இந்திப் பகுதியைத் தாய்மொழியில் பெயர்க்கும் வினா. இலக்கணம்-மொழிபெயர்ப்பு முறை பழமையானது எனப் பயன்முறை மொழியியலார் அதனைப் புறந்தள்ளிய காலத்தும் இவ்வினா நீங்காதிருந்தது. பாடநூலுக்கு வெளியிலிருந்து பகுதி தரப்படுமாயின், படிப்பவர் எதைப் படித்தார், எதைப் படித்ததாக எண்ணினார் என்னும் இரண்டையும் ஒரே தாளில் அது காட்டிவிடும்.

இதன் விளைவு தேர்வுத்தாளோடு நிற்பதன்று. 2001இல் தொடங்கிய மைய அரசுத் திட்டத்தின் இந்திப் பெயர் 'ஸர்வ ஷிக்ஷா அபியான்'. 'ஷிக்ஷா' இந்தியில் கல்வி. மலையாளத்தின் அன்றாட வழக்கில் 'சிக்ஷ' தண்டனை. தமிழ்நாடு அப்பெயரை மொழிபெயர்த்து 'அனைவருக்கும் கல்வி இயக்கம்' என வழங்கியது. கேரளம் இந்திப் பெயரையே மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டது. 2018இல் அத்திட்டம் வேறொன்றாக மாறியபோதும் தமிழ்நாட்டில் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்றும், கேரளத்தில் 'சமக்ர சிக்ஷா கேரளம்' என்றும் பெயர்கள் அமைந்தன. நாகரியில் ஓரெழுத்தும் அறியாத மலையாளியும் அப்பலகையைத் தடையின்றிப் படித்துவிடுகிறார்.